அப்பா அம்மாவுக்கு எந்த சிம் போடலாம்? (அம்பாசமுத்திரம் பக்கம், நெட் ரொம்ப கம்மியாத்தான் யூஸ் பண்ணுவாங்க)

தாமிரபரணி_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மா அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்காங்க, எனக்கு வேலை புனேல. அப்பா ரிட்டயர்டு வாத்தியார். ரெண்டு பேர் போனுக்கும் நான்தான் இங்கேருந்து மாசாமாசம் ரீசார்ஜ் போட்டு விடுறேன், டெய்லி 1.5 ஜிபி பேக். போன வாரம் அப்பா போன்ல டேட்டா யூசேஜ் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னா, மாசம் முழுக்க சேத்தே ரெண்டு ஜிபிய தாண்டல! அம்மா கொஞ்சம் கூட, கோலம் வீடியோ கோயில் கொடை வீடியோன்னு பாப்பாங்க, அதுவும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம். மத்தபடி வாட்ஸ்அப், கரண்ட் பில், மளிகைக் கடைல ஜிபே, வருஷத்துக்கு ஒருக்க பென்ஷன் லைஃப் சர்டிபிகேட், ஞாயித்துக்கிழமை பேத்தியோட வீடியோ கால். அவ்வளவுதான்.

வீடு பழைய வீடு, சுவரு நல்ல கனம். பட்டாசல்ல, அதான் முன் ஹால்ல, உக்காந்தா சிக்னல் இருக்கும், அடுக்களைக்குப் போனா ஒண்ணும் கிடையாது. அம்மா பாதி நாள் அடுக்களைலதான இருப்பாங்க, போன் போட்டா நாட் ரீச்சபிள்.

இவ்வளவு கம்மியா யூஸ் பண்றவங்களுக்கு எந்த கம்பெனி சரியா இருக்கும், நம்பர மாத்தாம வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணலாமா, இல்ல தனியா டாங்கிள் மாதிரி ஏதாவது வாங்கி வீட்டுல வெச்சிரவா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கில்லி_2.0:
ஜியோ போடுங்க ப்ரோ. அவ்வளவுதான் மேட்டர் ஓவர்.

கோவை_மணி:
அதெப்படிங்க தம்பி ஒரே வரில முடிச்சுப்புட்டீங்க. பெரியவங்க யூஸ் பண்றதுக்கு பிஎஸ்என்எல்லுதானுங்க சரி. 2024 ஜூலைல ஜியோ, ஏர்டெல், விஐ (வோடஃபோன் ஐடியா) மூணு பேரும் ஒரே வாரத்துல விலைய ஏத்துனப்ப ஏத்தாம இருந்தது அவங்க மட்டும்தான், அப்ப எத்தன பேரு போர்ட் பண்ணி வந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா இல்லீங்களா. வேலிடிட்டி நெறய குடுத்து டேட்டா கம்மியா குடுக்குற பேக்கெல்லாம் அவங்ககிட்டதான் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குது. இப்ப 4ஜியும் வந்துருச்சுங்க.

தாம்பரம்_லோக்கல்:
மணி அண்ணே 4ஜி வந்துச்சு சரி, எப்ப வந்துச்சு? ஜியோ 2016 செப்டம்பர்ல 4ஜியோடயே கடைய தொறந்தான். பிஎஸ்என்எல் 4ஜிய பிரதமர் ஒடிசால ஜார்சுகுடால தொடங்கி வெச்சது 2025 செப்டம்பர் 27. ஒம்போது வருஷம் வித்தியாசம். எனக்கு கவர்மென்ட் கம்பெனி மேல கோவம் ஒண்ணும் இல்ல, ஆனா பாசத்துல சிம் வாங்கக்கூடாது.

கோவை_மணி:
லேட்டுதானுங்க, யாரு இல்லைன்னாங்க. ஆனா அது சொந்தமா செஞ்சதுங்க. டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் மூணு பேரும் சேந்து நம்ம ஊரு டெக்னாலஜில போட்டது, வெளிநாட்டுக்காரன்கிட்ட பொட்டியோட வாங்கி மாட்டுனா சீக்கிரமே வந்துருக்கும். அன்னிக்கே 97,500 டவருன்னு சொன்னாங்க. அதுல ஒண்ணு அம்பாசமுத்திரம் பக்கம் இருக்காதுங்களா?

தாம்பரம்_லோக்கல்:
இருக்கும். அது அவரு வீட்டு அடுக்களைக்குள்ள வருமாங்கறதுதான் கேள்வி.

தென்காசி_செல்கடை:
தம்பி, நான் தென்காசில சின்னதா மொபைல் கடை வெச்சிருக்கேன், ரீசார்ஜ், சிம், டெம்பர் கிளாஸ் எல்லாம். தினமும் இதே கேள்விதான் நம்ம கடை வாசல்ல. எந்த கம்பெனி நல்லா இருக்கும்னு யாரு கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், உங்க பக்கத்து வீட்டுக்காரரு எது வெச்சிருக்காரு? ஏன்னா சிக்னல்ங்கறது தெருவுக்குத் தெரு மாறும். சுரண்டைல நல்லா எடுக்குற சிம்மு ஆழ்வார்குறிச்சில எடுக்காது, ஆழ்வார்குறிச்சிலயே ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. மலையடிவாரம் வேற, செங்கோட்டை பக்கமெல்லாம் சில நேரம் போனு கேரளா டவரைப் புடிச்சுக்கிட்டு நிக்கும்.

அதனால இங்க யாரு என்ன பேரு சொன்னாலும் அதை வெச்சு போர்ட் பண்ணிராதீங்க. அப்பாவ ஒரு வேலை செய்யச் சொல்லுங்க. சாயங்காலம் ஏழரை எட்டு மணிக்கு மேல, அதான் கூட்டம் ஜாஸ்தியா இருக்குற நேரம், பக்கத்து வீட்டுல வேற வேற சிம் வெச்சிருக்குறவங்க ரெண்டு மூணு பேர காப்பிக்கு கூப்பிட்டு, அவங்க போனோட அடுக்களைல நின்னு ஒரு வாட்ஸ்அப் கால் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. காலைல பதினோரு மணிக்கு டெஸ்ட் பண்ணா எல்லா சிம்மும் ராஜா மாதிரி ஓடும், அதை நம்பாதீங்க.

கம்பெனிக்காரன் வெப்சைட்டுல கவரேஜ் மேப் போடணும்னு டிராய் (டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம்) ரூல் இருக்கு, போட்டும் இருக்காங்க. அதுல தெருவுல வர்ற சிக்னலுதான் தெரியும், ஒன்றரை அடி கல்சுவருக்கு உள்ள என்ன வரும்னு எந்த மேப்பும் சொல்லாது.

கணக்கு_டீச்சர்:
அண்ணாச்சி சொல்றதுதான் சரி, மொதல்ல சிக்னல். அது ரெண்டு கம்பெனிக்கு சமமா வருதுன்னு வெச்சுக்குவோம், அப்புறம் எப்படி முடிவு பண்றது? அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. டெய்லி 1.5 ஜிபின்னு விளம்பரத்துல போட்டதைப் பாத்து அதுதான் மினிமம்னு நம்ம மண்டைல ஏறிருச்சு. தம்பியோட அப்பா மாசத்துக்கு ரெண்டு ஜிபி யூஸ் பண்றாரு, அவருக்கு 28 நாளுக்கு 42 ஜிபி வாங்கிக் குடுத்துட்டு நாப்பதை ராத்திரி 12 மணிக்கு 12 மணி தூக்கிப் போட்டுக்கிட்டு இருக்காரு. ஒரு இட்லி சாப்புடுறவருக்கு தினமும் பஃபே டிக்கெட் எடுக்குற கதை.

கம்மியா யூஸ் பண்றவங்க காசு குடுக்குறது டேட்டாவுக்கு இல்ல, வேலிடிட்டிக்கு. அதனால வருஷக் கணக்கு போடணும், மாசக் கணக்கு போடக்கூடாது. முதல்ல 28 நாள்ங்கறது மாசமே கிடையாது, வருஷத்துக்கு 13 ரீசார்ஜ் வரும். 2024 ஜூலைல விலைய ஏத்துனப்ப போட்ட ரேட்ட வெச்சே கணக்கு பாருங்க, இப்ப ஆப்ல வேற மாதிரி காட்டுனா அந்த நம்பரைப் போட்டுக்கங்க, முறை அதேதான்.

ஏர்டெல் டெய்லி 1.5 ஜிபி 28 நாள் 349 ரூபா. 13 தடவ போட்டா 4537. ஜியோல அதே மாதிரி பேக் 299, அது 3887.
டேட்டா கம்மியான பேக், 28 நாளுக்கு மொத்தமா 2 ஜிபி: ஏர்டெல் 199, வருஷத்துக்கு 2587. ஜியோ 189, வருஷத்துக்கு 2457.
வருஷ பேக், அப்ப இருந்தது: ஏர்டெல் 1999க்கு 365 நாள், மொத்தம் 24 ஜிபி. ஜியோ 1899க்கு 336 நாள், அதுவும் 24 ஜிபி.

கடைசி ரெண்டையும் பாத்தா ஜியோ நூறு ரூபா கம்மி மாதிரி தெரியும். ஆனா 336 நாள்தான், வருஷத்துல 29 நாள் துண்டு விழும். நாள் கணக்குக்கு ஏர்டெல் 5.48, ஜியோ 5.65. பேக்கு மேல இருக்குற விலைய பாக்காம வகுத்துப் பாக்கணும், இது நான் எட்டாம் கிளாஸ் பசங்களுக்கு சொல்றதுதான்.

ஆக ஒரே ஆளு, ஒரே சிம்மு, ஒரே யூசேஜ், பேக்க மாத்துனா மட்டும் அந்த ரேட்டுல 4537க்கு பதிலா 1999. கம்பெனிய மாத்துறதுல இவ்வளவு மிச்சம் ஆகாது.

கில்லி_2.0:
டீச்சர் 24 ஜிபி ஒரு வருஷத்துக்கா, நான் அதை வீக்கெண்ட்லயே காலி பண்ணிருவேன்

கணக்கு_டீச்சர்:
நீ பண்ணுவப்பா. இங்க பேசிட்டு இருக்கறது வாத்தியாரப் பத்தி.

ஆனா நல்ல கேள்வி, 24 ஜிபி பத்துமான்னு பாத்துருவோம். நாளைக்கு சுமாரா 65 எம்பி வரும். வாட்ஸ்அப்ல வாய்ஸ் கால் நிமிஷத்துக்கு அரை எம்பி பக்கம் எடுக்கும், வீடியோ கால்னா சுமாரா அஞ்சு எம்பி. தினமும் 13 நிமிஷம் வீடியோ கால் பேசுனாலே அன்னிக்கு பங்கு தீந்துரும். ஆனா அவங்க பேசுறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான, ஒரு மணி நேரம் பேசுனாலும் 300 எம்பி, மாசத்துக்கு 1.2 ஜிபி. இந்த பேக்குல டெய்லி லிமிட் கிடையாது, மொத்தமா வெச்சுக்கலாம், அதனால ஒரு நாள் கூடப் போனாலும் மறுநாள் கம்மியா இருந்தா சரியாப் போயிரும். அப்பாவுக்கு தாராளமா பத்தும். அம்மாவுக்கு யூடியூப் இருக்கறதால பத்தாது, அவங்களுக்கு வேற பேக் பாக்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே பேக் போடணும்னு யாரு சொன்னா?

தாமிரபரணி_தம்பி:
டீச்சர் இந்தக் கணக்க நான் போட்டதே இல்ல, ஆப்ல மேல எது வருதோ அதைத் தட்டிவிட்டு வேலையப் பாக்கப் போயிருவேன். சரி, சிக்னல்தான் மொதல்ல புரிஞ்சுது. ஆனா அடுக்களைல ஏன் வரலைன்னு புரியல, மாடில நின்னு பாத்தா டவர் கண்ணுக்கே தெரியுது.

டவர்_ஆளு:
நான் டவர் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், எந்த கம்பெனிக்குன்னு கேக்காதீங்க, ஒரே டவர்ல மூணு பேர் ஆன்டெனா மாட்டியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியற டவர் உங்க சிம் கம்பெனியோடதா இருக்கணும்னு இல்ல. இருந்தாலும் எந்த பேண்டுல, அதாவது எந்த அலைவரிசைல, விடுறான்னு பாக்கணும். 2300 மெகாஹெர்ட்ஸ் மாதிரி ஹை பேண்டு ஸ்பீடு நல்லா குடுக்கும், ஆனா சுவருன்னா படுத்துரும். 700, 850, 900 மாதிரி லோ பேண்டு ஸ்பீடு கம்மி, சுவரைத் தாண்டி வரும், தூரமும் போகும். ஜியோ 4ஜிக்கு 850 வெச்சிருக்கான், ஏர்டெல்லும் விஐயும் 900, பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700. கம்மியா நெட் யூஸ் பண்றவங்களுக்கு லோ பேண்டுதான் வேணும், அவங்களுக்கு எதுக்கு 200 எம்பிபிஎஸ் ஸ்பீடு.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. மணி அண்ணே கவனிங்க, பிஎஸ்என்எல்லோட 700ங்கறது பேண்டு 28. பழைய 4ஜி போன் பலதுல பேண்டு 28 கிடையாது. அப்ப அந்த போன் 2100 மெகாஹெர்ட்ஸ மட்டும்தான் புடிக்கும், டவர்ல 700 ஓடிக்கிட்டு இருந்தாலும் போனுக்குத் தெரியாது. ஊரே நல்லா இருக்குன்னு சொல்லும், உங்க அப்பா மட்டும் இல்லைன்னு சொல்வாரு, ரெண்டுமே உண்மையா இருக்கும். போன் மாடல் பேரை நெட்ல தேடி எல்டிஇ (4ஜி) பேண்டு லிஸ்ட்டுல 28 இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் சிம் வாங்குங்க.

இன்னொண்ணு. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, ஆரம்பத்துலேருந்தே 4ஜிதான். மத்த மூணு பேருக்கும் 2ஜி இன்னும் ஓடுது. வீட்டு மூலைல 4ஜி விட்டுப் போனா அவங்க சிம்மு 2ஜிக்கு எறங்கி காலாவது வரும், ஜியோல எறங்கறதுக்கு எடம் இல்ல. அம்மாவுக்கு அடுக்களைல கால் வர்றதுதான் முக்கியம்னா இதையும் யோசிங்க. 850 நல்லா வர்ற எடமா இருந்தா இந்தக் கவலையே இல்ல, அதையும் சொல்லிடறேன், அப்புறம் கில்லி சண்டைக்கு வருவாப்ல.

சிக்னல் கோட்டை நம்பாதீங்க, கம்பெனிக்கு கம்பெனி போனுக்கு போன் கோடு மாறும். செட்டிங்ஸ்ல அபவுட் போன் உள்ள சிம் ஸ்டேட்டஸ்னு இருக்கும், அதுல சிக்னல் ஸ்ட்ரென்த்னு மைனஸ் போட்டு ஒரு நம்பர் வரும். மைனஸ் 90க்குள்ள இருந்தா சூப்பர், 100, 105 வரைக்கும் ஓடும், 110 தாண்டிட்டா கால் கட் ஆகும், பேட்டரியும் சீக்கிரம் எறங்கும்.

கோவை_மணி:
பேண்டு 28 விசயம் எனக்கு புதுசுங்க. எங்க மாமனாரு போனுல பாத்தேன், இல்லீங்க! அதான் மனுசன் எப்பப் பாத்தாலும் மொட்டை மாடில நின்னு பேசுறாரு.

வைகைக்கரை_அக்கா:
நான் மதுரைல இருந்து. எல்லாரும் சிம்மப் பத்தியே பேசுறீங்க, போன்ல இருக்குற ஓட்டைய அடைங்க மொதல்ல. எங்க மாமியாரு போன்ல டேட்டா தினமும் மதியமே தீந்துருது, அவுக ஒண்ணும் பாக்குறதில்ல. எடுத்துப் பாத்தா சொந்தக்காரங்க குரூப் பதினஞ்சு, குட் மார்னிங் படம், பிறந்தநாள் வீடியோ, எல்லாம் தானா எறங்கிக்கிட்டு இருக்கு. வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா போயி மொபைல் டேட்டால ஆட்டோ டவுன்லோட் எல்லாத்தையும் எடுத்து விட்டேன். பிளே ஸ்டோர்ல ஆட்டோ அப்டேட்ட வைஃபைல மட்டும்னு வெச்சேன், போட்டோ பேக்கப்ப நிறுத்துனேன், யூடியூப்ல குவாலிட்டி டேட்டா சேவர். அதுக்கப்புறம் அந்த டெய்லி பேக்குல பாதிகூட போகல.

யூடியூப் ஆட்டோபிளேவையும் நிறுத்துங்க, பெரியவுக தூங்கிப் போயிருவாக, அது பாட்டுக்கு பட்டிமன்றம் விடிய விடிய ஓடும்.

கில்லி_2.0:
5ஜி போன் வாங்கிக் குடுத்துட்டா அன்லிமிடெட் 5ஜி கிடைக்குமே, இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு

தாம்பரம்_லோக்கல்:
2024 ஜூலைல ஜியோ, ஏர்டெல் ரெண்டுலயும் அன்லிமிடெட் 5ஜி டெய்லி 2 ஜிபியும் அதுக்கு மேலயும் இருக்குற பேக்குக்குத்தான்னு ஆக்கிட்டாங்க. மாசம் ரெண்டு ஜிபி யூஸ் பண்றவருக்கு டெய்லி ரெண்டு ஜிபி பேக் போட்டு, அதுக்கு ஒரு 5ஜி போனும் வாங்கிக் குடுத்து, ஊருல 5ஜி வருமான்னு வேற பாக்கணும். நீ எந்த கம்பெனில சேல்ஸ்ல இருக்கன்னு சொல்லிரு கில்லி.

கில்லி_2.0:
ஹாஹா விடுங்க பாஸ்

தாமிரபரணி_தம்பி:
டாங்கிள் பத்தி யாரும் சொல்லலையே? தங்கச்சி லீவுக்கு வந்தா லேப்டாப்ல வேலை பாப்பா, அதுக்கும் ஆகும்னு நெனச்சேன்.

தென்காசி_செல்கடை:
வேண்டாம் தம்பி. அந்தக் காலத்துல யூஎஸ்பில சொருகுற டேட்டா கார்டு எல்லாம் போன்ல நெட்டு சரியா இல்லாதப்ப வந்தது. இப்ப அந்த ஹாட்ஸ்பாட் டப்பா வாங்குனாலும் அதுக்குள்ள தனியா ஒரு சிம், அதுக்கு தனியா ஒரு பேக், அதுக்கு தனியா சார்ஜ். வீட்டுல மூணாவது ரீசார்ஜ். உங்க அப்பா போன்ல ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணா தங்கச்சி லேப்டாப் ஓடிரும், அந்த வாரத்துக்கு மட்டும் டேட்டா பூஸ்டர், அதான் கூடுதல் டேட்டா பேக், போட்டுக்கங்க. லேப்டாப்ல வைஃபை செட்டிங்குல மீட்டர்டு கனெக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணச் சொல்லுங்க, இல்லாட்டி விண்டோஸ் அப்டேட்டு ஒரே நைட்ல ஜிபி கணக்குல குடிச்சிரும்.

நாலஞ்சு பேரு வீட்டுல இருந்து டிவியும் நெட்டுல பாக்குறதா இருந்தா கேபிள்காரர்கிட்ட சொல்லி ஃபைபர் போட்டுரலாம், கால் சிக்னல் பிரச்சனையும் வைஃபை காலிங்ல தீரும். ரெண்டு வயசானவங்களுக்கு மாசாமாசம் அந்த வாடகை அதிகம்.

பாளையங்கோட்டை_பாய்:
வருஷ பேக்னு எல்லாரும் சொல்றீங்க, ஒரு எச்சரிக்கை. 2018 பிப்ரவரில ஏர்செல் நின்னுது ஞாபகம் இருக்கா? நம்ம தமிழ்நாட்டுல நெறயப் பேரு ஏர்செல்தான், ஒரே வாரத்துல டவர் எல்லாம் படுத்து, போர்ட் கோடு வாங்க முடியாம ஜனம் அலையா அலைஞ்சுது. இப்ப விஐ நெலமை எல்லாருக்கும் தெரியும். ரெண்டாயிரம் ரூபாய மொத்தமா கட்டிட்டு கம்பெனி போயிட்டா?

தாம்பரம்_லோக்கல்:
பாய், ஏர்செல்ல எடுத்து நடத்த ஆளு இல்ல. விஐல 2025 ஏப்ரல்லேருந்து பங்குல 49 சதவீதம் பக்கம் மத்திய அரசு கைல இருக்கு, கட்ட வேண்டிய ஸ்பெக்ட்ரம் பாக்கிய பங்கா மாத்திக்கிட்டாங்க. ராத்திரியோட ராத்திரியா மூடிட்டுப் போக விடமாட்டாங்கன்னு நெனக்கிறேன். ஆனா நீங்க சொல்ற பயம் வேற வகைல சரிதான், கம்பெனி போகலேன்னாலும் சிக்னல் போகலாம். டவர எடம் மாத்துவான், பக்கத்துல அபார்ட்மென்ட் எழும்பும், போர்ட் பண்ணா மிச்ச வேலிடிட்டி அப்படியே போயிரும், திருப்பித் தரமாட்டான்.

கணக்கு_டீச்சர்:
அதனால எடுத்த எடுப்புல வருஷ பேக் வேண்டாம். முதல்ல 28 நாள், ஓடுதுன்னா 84 நாள், அதுக்கப்புறம் வருஷம்.

வைகைக்கரை_அக்கா:
ஆமா பேசுறதுக்கு மட்டும் ஒரு பேக் வந்துச்சே, டேட்டாவே இல்லாம? அதை அப்பாவுக்குப் போட்டா இன்னும் கம்மியா ஆகாதா?

தென்காசி_செல்கடை:
வந்துச்சு அக்கா. 2024 டிசம்பர்ல டிராய் உத்தரவு போட்டாங்க, நெட்டு வேண்டாதவங்களுக்கு கால் எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக் கண்டிப்பா வெச்சிருக்கணும்னு. 2025 ஜனவரில வந்துது, ஏர்டெல் 365 நாளுக்கு 1849, ஜியோ 336 நாளுக்கு 1748. பட்டன் போன் வெச்சிருக்குற பாட்டிமாருக்கு நல்லது. ஆனா வாத்தியாருக்கு வாட்ஸ்அப் வேணுமே. அதோட வித்தியாசத்தப் பாருங்க, டேட்டா உள்ளதுக்கும் இல்லாததுக்கும் நடுவுல பெருசா ஒண்ணும் மிச்சம் இல்ல, கம்பெனிக்காரன் காசு வாங்குறது நம்பர உயிரோட வெச்சிருக்கத்தான். 2018 கடைசில 35 ரூபா போட்டா 28 நாள் சிம் ஓடும், 2024 ஜூலைல அதே 28 நாளுக்கு 199 ஆயிருச்சு. ரெண்டு சிம் வெச்சிருந்த ஊரு ஒரு சிம்முக்கு வந்தது அதனாலதான், நம்ம கடைலயே பாக்குறேன்.

வாய்ஸ் மட்டும் உள்ள பேக் மேல டேட்டா பூஸ்டர் ஏறுமான்னு கேட்டுட்டுப் போடணும். போட்டுட்டு வந்து என்கிட்ட சண்டை போட்டா நான் என்ன பண்ண.

பாளையங்கோட்டை_பாய்:
இருபது ரூபா மெயின் பேலன்ஸ் இருந்தா சிம்மு சாகாது, டிராய் ரூல் அதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே?

டவர்_ஆளு:
பாதி உண்மை பாய். 2013ல போட்ட ரூல் அது. 90 நாள் கால், மெசேஜ், டேட்டா எதுவுமே யூஸ் பண்ணாத சிம்மு, பேலன்ஸ்ல 20 ரூபா இருந்தா அதை எடுத்துக்கிட்டு இன்னும் 30 நாள் நம்பர வேற ஆளுக்குக் குடுக்காம வெச்சிருக்கணும்ங்கறதுதான் ரூல். பேக் முடிஞ்சப்புறமும் கால் வரும் போகும்னு அதுல எங்கயும் இல்ல. நம்பர் மட்டும் உங்க பேர்ல இருக்கும், சர்வீஸ் இருக்காது. அந்த ஃபார்வர்டுல இந்த ரெண்டாவது பாதிய வெட்டிட்டு அனுப்புறாங்க.

தாமிரபரணி_தம்பி:
அப்டேட் குடுக்கறேன். அண்ணாச்சி சொன்ன மாதிரி அப்பா பக்கத்து வீட்டு ஆளுங்களக் கூப்பிட்டு டெஸ்ட் வெச்சாரு. வாத்தியார்னால நோட்டுப் போட்டு எழுதியே வெச்சிருக்காரு, பட்டாசல், அடுக்களை, பின்னாடி கெணத்தடின்னு மூணு கட்டம் போட்டு, ஒவ்வொரு சிம்முக்கும் டவர்_ஆளு சொன்ன மைனஸ் நம்பர எழுதி, பக்கத்துல குறிப்புன்னு போட்டு "குரல் தெளிவு", "குரல் விட்டு விட்டு", "முகம் உறைந்தது" அப்படின்னு. போட்டோ எடுத்து அனுப்புனாரு, சிரிச்சு முடியல.

கம்பெனி பேரு போடல, போட்டா இங்க சண்டை வரும், அதோட இது எங்க வீட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். இப்ப இருக்குற சிம்மு பட்டாசல்ல மைனஸ் 98, அடுக்களைல 117. பக்கத்து வீட்டு மாமா சிம்மு அடுக்களைல 104, ராத்திரி எட்டரைக்கும் வீடியோ கால் நின்னுது. மூணாவது ஒண்ணு, சிக்னல் அதைவிட நல்லா 96 காட்டுது, ஆனா ராத்திரி ஆனா நெட்டு சுத்துது, மெசேஜ் மட்டும் போகுது.

டவர்_ஆளு:
மூணாவது கன்ஜெஷன். சிக்னல் வேற, அந்த டவர்ல எத்தன பேரு தொங்குறாங்கங்கறது வேற. ரெண்டாவது சிம் போடுங்க, 104 பத்தும். வாத்தியாரை எங்க டிரைவ் டெஸ்ட் டீமுக்கு அனுப்பி வைங்க, எங்க பசங்க இவ்வளவு சுத்தமா ரிப்போர்ட் எழுத மாட்டானுங்க.

கணக்கு_டீச்சர்:
ஒரே நேரத்துல ரெண்டு பேரு நம்பரையும் போர்ட் பண்ணாதீங்க. அம்மா நம்பர மட்டும் மாத்துங்க, அவங்களுக்குத்தான் அடுக்களை. அப்பா பழைய சிம்முலயே கம்மி டேட்டா பேக்குக்கு எறங்கட்டும். ஒரே வீட்டுல ரெண்டு கம்பெனி இருந்தா ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு ஹாட்ஸ்பாட் குடுக்கும்.

தாமிரபரணி_தம்பி:
இது ரொம்ப சரியாப் படுது டீச்சர். போர்ட் எப்படிப் பண்றது, நான் புனேல இருந்தே பண்ண முடியுமா? அம்மா பேங்க் அக்கவுன்ட், கேஸ் புக்கிங், ஆதார் எல்லாம் அந்த நம்பர்லதான், ஓடிபி வராமப் போயிருமோன்னு பயம்.

தென்காசி_செல்கடை:
புனேலருந்து ஆகாது, அம்மா ஆதாரோட நேர்ல கடைக்கு வரணும், போட்டோ எடுப்பாங்க. சிம்மு யாரு பேர்ல இருக்குன்னு மொதல்ல பாருங்க. பாதி வீட்டுல அம்மா நம்பரு மகன் பேர்லயோ செத்துப்போன தாத்தா பேர்லயோ இருக்கும், அப்படின்னா போர்ட் ரிஜெக்ட் ஆகும்.

அம்மா போன்லருந்து 1900க்கு மெசேஜ். போர்ட்னு இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு பத்து நம்பர். பேக்குல எஸ்எம்எஸ் இல்லாட்டியும் இந்த மெசேஜ் போகணும்னு 2021லயே டிராய் சொல்லியாச்சு. எட்டு எழுத்து கோடு வரும், நம்ம ஊருக்கு நாலு நாள்தான் அது செல்லும், அதுக்குள்ள கடைக்கு வந்துரணும். கோடு வாங்கி வெச்சுட்டு சீர் வீட்டுக்குப் போயிட்டு வந்து நிக்கிறவங்க நெறய. அதே சர்க்கிள், அதாவது ரெண்டு சிம்மும் தமிழ்நாடுங்கறதால மூணு வேலை நாள்ல மாறிரும், மாறுற அன்னிக்கு கொஞ்ச நேரம் பழைய சிம்மும் இருக்காது புது சிம்மும் இருக்காது. இப்ப ஓடுற பேக் முடியறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி ஆரம்பிங்க, ரொம்ப மிச்சம் இருந்தா காசு வீண். இந்த சிம்முக்கு வந்து 90 நாள் ஆகியிருக்கணும், அது உங்களுக்குப் பிரச்சனை இல்ல.

ஓடிபிக்கு பயப்பட வேண்டாம், நம்பரு அதேதான். ஆனா சிம் தொலஞ்சு டூப்ளிகேட் வாங்குனா ஒரு நாள் எஸ்எம்எஸ் நிறுத்தி வெப்பாங்க, அதுக்கப்புறம் ஏழு நாளைக்கு போர்ட்டும் பண்ண முடியாது. மோசடிய தடுக்கத்தான். அதனால பென்ஷன் வர்ற நாளு, கேஸ் தீர்ற நாளு பாத்து இந்த வேலைய வெக்காதீங்க.

கடைல எவனாவது ஓசில இன்னொரு சிம்மு தரேன்னு ரெண்டாவது தடவ கைரேகை வெக்கச் சொன்னா அம்மாவ எந்திரிச்சு வரச் சொல்லிருங்க. வந்ததும் சஞ்சார் சாத்திங்கற கவர்மென்ட் சைட்டுல போயி அவங்க பேர்ல எத்தன சிம் ஓடுதுன்னு ஒரு தடவ பாத்துருங்க.

தாமிரபரணி_தம்பி:
அம்மா நம்பரு என் பேர்லதான் இருக்கு அண்ணாச்சி, இப்பதான் பாத்தேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நானே கடைக்கு கூட்டிட்டுப் போறேன். அது வரைக்கும் அப்பா பேக்க மட்டும் 28 நாள் 2 ஜிபிக்கு மாத்திட்டு, அம்மா போன்ல அக்கா சொன்ன செட்டிங்க்ஸ் எல்லாம் வீடியோ கால்லயே மாத்திடறேன்.

வைகைக்கரை_அக்கா:
வீடியோ கால் பேசிக்கிட்டே செட்டிங்க்ஸ் எப்படிப்பா அவுக திறப்பாக, ஸ்கிரீன் ஷேர் பண்ணச் சொல்லு. அப்பா போன்ல கால் போட்டு அம்மா போனைக் காட்டச் சொன்னா இன்னும் சுளுவு.

கோவை_மணி:
தம்பி, போர்ட் பண்றதுக்கு முன்னால அம்மா போனுல பேண்டு 28 இருக்குதான்னு மட்டும் ஒருக்கா பாத்துருங்க. சும்மா சொல்லி வெக்கிறேனுங்க.

தாம்பரம்_லோக்கல்:
மணி அண்ணன் விடமாட்டாரு